நாளை வங்கியின் கதவு

எதிருருக் கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நாளை வங்கி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அது கோவில்பட்டிக்காரர்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். இருபத்தைந்து வயது மூத்த ஒரு பெரிய மனுஷியை, அது வருங்காலத்து நாமேதான் என்றாலும், செருப்புக் காலோடு போய்ப் பார்க்கலாமா? வெறுங்கையோடு போவது மட்டும் மரியாதையா? ஆகவே கடன் கேட்டு வருகிறவர்கள் கையில் ஒரு பழத்தட்டு இருக்கும். எதிருரு வெறும் ஒளியால் ஆனது, அது பழம் தின்னாது என்று கிளை அதிகாரி சௌமியா ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்பதாக இல்லை. பிறகு அவரும் விட்டுவிட்டார், சாயங்காலம் பழத்தை ஊழியர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அன்று அல்லி கொண்டுபோன தட்டில் ஆரஞ்சும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொஞ்சம் கடலைமிட்டாயும் இருந்தன. கடலைமிட்டாய் அம்மா தாரணி வைத்தது. "நாப்பத்திமூணு வயசுல உனக்குப் பல்லு எப்படி இருக்கோ. கடிக்க முடிஞ்சா கடிச்சுக்க" என்று சொல்லித்தான் வைத்தாள்.

வாசல்வரை தட்டைச் சுமந்து வந்தவர் அப்பா கிஷோர்பாண்டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வண்டிகளுக்கு மின்கலம் மாற்றித் தரும் கடை வைத்திருக்கிறவர். வங்கியின் கண்ணாடிக் கதவு, வருகிறவரின் நாணயப் புள்ளியைப் படித்துவிட்டுத் திறக்கிற ரகம். புள்ளி நன்றாக இருந்தால் விரியத் திறந்து வரவேற்கும். மோசமாக இருந்தால் ஒரு சாண் மட்டும் திறந்து, அப்புறம் உன் பாடு என்று நின்றுவிடும். பதினெட்டு வயதில் கடன் என்பதையே அறியாத அல்லிக்குக் கதவு விரியத் திறந்தது. அப்பா ஓர் அடி எடுத்து வைத்ததும் அதே கதவு பாதிக்கு மேல் மூடிக்கொண்டது.

மற்ற இடங்களில் என்றால் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை உள்ளே இழுத்து நுழைந்துவிடுவார். ஊரில் பாதிக் கதவு அவருக்கு இப்படித்தான் திறக்கிறது என்பதால் நல்ல பழக்கம். ஆனால் இன்றைக்குக் கையில் தட்டு இருந்தது.

"நீ கொண்டு போ தாயி. நான் வெளியிலேயே இருக்கேன். கூட வந்து, என் புள்ளி உம்மேல ஒட்டிக்கிறப் போகுது" என்று தட்டை அவளிடம் நீட்டிவிட்டு எதிர்ச் சுவர் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த நேரத்தில் அந்தச் சுவரில் ஒரு பொட்டு நிழல் கிடையாது.

அல்லிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒரு மாதமாக அவளுக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன.

கிஷோர்பாண்டி கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், தான் வாங்கிய கடனை ஒரு நாள் பிந்தாமல் கட்டுவார். அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வந்து ஜாமீன் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். சலூன் வைக்க வந்தவர், மருந்து கொண்டுபோகும் பறப்பி வாங்க வந்த அக்கா, தங்கச்சி கல்யாணம் என்று வந்து நின்ற லாரி டிரைவர், முகம் மட்டும் தெரிந்து பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ பேர். முக்கால்வாசிப் பேர் ஒழுங்காகக் கட்டினார்கள். சிலர் இழுத்தடித்துக் கட்டினார்கள். இரண்டொருவர் ஊரை விட்டே போனார்கள். ஒவ்வொரு இழுத்தடிப்பும் அவர் புள்ளியைத்தான் தின்றது. சலூன்காரர் இன்றுவரை அவரிடம் காசு வாங்குவதில்லை. புள்ளி போனாலும் தலைமுடியாவது பார்க்க நன்றாக இருக்கிறது என்பாள் தாரணி.

அல்லிக்கு நாகர்கோவிலில் மேகப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. வானத்தில் போகும் மேகத்தை எந்த இடத்தில் எப்படி இறக்குவது என்று கற்றுத் தரும் படிப்பு. கரிசல் காட்டில் பிறந்து, தலைக்கு மேலே போகிற மேகமெல்லாம் யார் ஊருக்கோ போவதைப் பார்த்து வயிறெரிந்து வளர்ந்தவள். அதைவிட வேறு படிப்பு அவள் மனதில் இருந்ததே இல்லை. பணம் கட்ட இந்த வாரமே கடைசி. மற்ற வங்கிகளில் ஏறி இறங்கிப் பார்த்தாயிற்று. எல்லோரும் அவள் மார்க்கைப் பார்த்து முகம் மலர்ந்தார்கள், அப்பாவின் புள்ளியைப் பார்த்ததும் சாப்பாட்டு நேரம் என்று எழுந்து போனார்கள்.

கடைசி வங்கியிலிருந்து திரும்பிய அன்று அவள் வீட்டில் வெடித்துவிட்டாள்.

"வாழ்க்கையில ஒரு தடவையாவது யாருக்காவது முடியாதுன்னு சொல்லியிருக்கியாப்பா?"

"சொல்லாம என்ன? உங்கம்மா வைர மூக்குத்தி கேட்டப்ப சொன்னேனே."

தாரணி சிரித்துவிட்டாள். அல்லிக்குச் சிரிப்பு வரவில்லை.

"உன் மனசு எனக்கு வேண்டவே வேண்டாம். நான் முடியாதுன்னு சொல்லக் கத்துக்கப் போறேன்."

"கத்துக்க தாயி. கத்துக்கிட்டா நல்லதுதான்" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாளை வங்கியின் விளம்பரம் கண்ணில் பட்டது. 'அப்பா வேண்டாம், அம்மா வேண்டாம், உனக்கு நீயே ஜாமீன்!' பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள் முதல் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒரு பதிவுவளை உண்டு. என்ன வாங்கினாய், யாரோடு பேசினாய், வரிசையில் முண்டினாயா, சொன்ன நேரத்துக்குப் போனாயா என்று எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். அதையெல்லாம் கூட்டிப் பெருக்கி, இருபத்தைந்து வருடம் கழித்து நீ எப்படிப்பட்ட ஆளாக இருப்பாய் என்று வங்கியின் கணிப்பி கண்டுபிடித்து, ஒளியால் எதிரே நிறுத்தும். அதுதான் எதிருரு. கடனைக் கட்டப் போகிறது அந்த ஆள்தானே, அவரே கையெழுத்துப் போடட்டும் என்பது வங்கியின் கட்சி. சட்டமும் சரி என்றுவிட்டது. சட்டத்தின் கண்ணில் எதிருரு ஒரு முழு மனுஷி, அவள் போடும் கையெழுத்து முழுக் கையெழுத்து.

வங்கிக்கு இதில் கொள்ளை லாபம். ஏனென்றால் தன்னைப்போல் தன்னிடம் கறாராக நடந்துகொள்கிறவர்கள் உலகத்தில் கிடையாது. டெய்லர் மகன் ஒருவனுக்கு அவன் எதிருரு, "இவனச் சின்ன வயசுலேருந்து எனக்குத் தெரியும் மேடம், நம்பிக் குடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டு மறைந்துபோனதாம். பையன் ஒரு வாரம் கண்ணாடி பார்க்கவில்லை என்று பேச்சு.

அதனால் அல்லி ஒரு மாதம் கறார்ப் பயிற்சி எடுத்தாள். சிநேகிதிக்கு மின்கலம் இரவல் கொடுக்கவில்லை. பஸ்ஸில் நின்றவர்களுக்கு இடம் தரவில்லை. பக்கத்து வீட்டு அத்தை உறை மோர் கேட்டதற்கு இல்லை என்றாள். பதிவுவளை பார்த்துக்கொள்ளட்டும், கணிப்பியும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும், இவள் அப்பா வழி இல்லை என்று.

கூடத்துக்கு முன்னால் ஒரு பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அவரவர் எதிருருவே கைவிரித்திருந்தது. மனது மாறினால் மறுபடி கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். பெயர் ஜெர்லின், எட்டயபுரம், நர்ஸ் படிப்பு, தம்பிக்கு உடம்பு சரியில்லாததால் பாதியில் படிப்பை நிறுத்திவிடுவாள் என்று அவள் எதிருரு சொல்லிவிட்டதாம். அல்லி கேட்காமலேயே பக்கத்திலிருந்தவர் இவ்வளவையும் சொல்லிவிட்டார். அல்லி அந்தப் பக்கம் திரும்பாமல் செருப்பைக் கழற்றினாள்.

கூடத்தின் நடுவில் வெளிச்சம் கூடி ஆளாயிற்று. நரை ஓடிய தலை, அம்மாவுடைய இரட்டைத் தாடை, நெற்றியில் வெயில் காய்ந்த கறுப்பு. வேலைக்குப் போகும் வழியில் இறங்கி வந்தவளாக மேலே ஒரு மழைக்கோட்டு வேறு. அல்லி தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டாள்.

"கடலைமிட்டாயா? அம்மா வச்சதா?" என்றது எதிருரு. அவளுடைய குரலேதான், கொஞ்சம் தேய்ந்திருந்தது. "அப்பா எங்க? வெளியில சுவத்துலயா? இந்த வெயில்லயா?"

"ஆமா" என்றாள் அல்லி. கணிப்பி கூட்டிச் சொன்ன உருவத்துக்கு அப்பா மேல் இவ்வளவு அக்கறையா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. உங்கள் காலத்தில் அப்பா இருக்கிறாரா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த சௌமியா கடனை விவரிக்கத் தொடங்கினார். "வட்டி வந்து..." என்பதற்குள் எதிருரு கையைத் தூக்கிக் காற்றில் கையெழுத்தைப் போட்டுவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் அல்லி.

"அவ்வளவுதான். உனக்குக் கடன் கிடைச்சிருச்சும்மா" என்றார் சௌமியா. இவ்வளவு சீக்கிரம் ஒரு கடன் முடிந்து அவரும் பார்த்ததில்லை.

அல்லிக்கு அழுகை வந்தது. நாகர்கோவில், மேகம், மலை, எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னே வந்து நின்றன. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. "வட்டி எவ்வளவுன்னு கேக்க மாட்டீங்களா?" என்று எதிருருவைக் கேட்டாள்.

எதிருரு கூடத்தின் கண்ணாடி வழியே பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அந்த நீலச் சட்டைப் பொண்ணு ஏன் அழுவுது?"

சௌமியா சும்மா இருந்திருக்கலாம். வாய் தவறிச் சொல்லிவிட்டார், தம்பி விஷயம் உட்பட.

"பாவம். அதுக்கும் நான் ஜாமீன் போட்டுர்றேன். பக்கத்துல உக்காந்திருக்காரே, அவருக்கு என்ன?"

சௌமியா எழுந்து நின்றுவிட்டார். எதிருரு தன் கடனுக்குக் கையெழுத்துப் போடும், அல்லது போடாமல் திட்டிவிட்டுப் போகும். அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் நிற்கும் எதிருருவை வங்கி கண்டதே இல்லை. கூடாது என்று சட்டத்திலும் இல்லை. முழு மனுஷி என்று சட்டமே சொன்ன பிறகு ஜாமீன் மட்டும் எப்படிக் கூடாது? அவர் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பச்சை விளக்கு ஆறு தரம் எரிந்துவிட்டது. வெளியே பெஞ்சில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

"நிறுத்துங்க! நீங்க நான் கெடையாது" என்று கத்தினாள் அல்லி. "நான் ஒரு மாசமா கறாரா இருந்தேன்! வளைய வேணா பாருங்க!"

"பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்" என்று சிரித்தது எதிருரு. "பஸ்ல இடங்குடுக்காம உக்காந்திருந்துட்டு, மனசு கேக்காம ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி வெயில்ல நடந்தவ யாரு? உறை மோர் இல்லேன்னு சொல்லிட்டு, அத்தை வீட்டு மதில்ல ஒரு டம்ளர்ல வச்சுட்டு ஓடுனது யாரு? வளை அதையுந்தானே குறிச்சு வச்சிருக்கு."

அல்லி வளைக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

சௌமியா அவளைத் தனியே இழுத்துப் போனார். நல்ல மனுஷிதான், தன் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "இங்க பாரும்மா. உன் கடன் உறுதியாயிருச்சு, அதுல யாரும் கைவைக்க முடியாது. ஆனா இந்த ஆறு ஜாமீனும் நின்னா, உன் புள்ளி இப்பவே அதலபாதாளத்துக்குப் போயிரும். நாளைக்கு வீடு, வண்டி, ஒண்ணுக்கும் ஒரு பைசா கிடைக்காது. இந்தக் கூடத்தை விட்டு வெளிய போறதுக்குள்ள நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஆறும் ரத்தாயிரும். அவங்க காதுல விழுற மாதிரி சத்தமா முடியாதுன்னு சொல்லு. அவ்வளவுதான்."

அது ஒன்றும் பெரிய காரியமில்லை. இதற்காகத்தானே ஒரு மாதம் பயிற்சி எடுத்தாள். அல்லி கூடத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அதன் படியில் நின்றாள். ஆறு பேரும் அவளைப் பார்த்தார்கள். அதற்குள் ஜெர்லின் வீட்டுக்குப் பேசியிருந்தாள் போலும். கையிலிருந்த போனில் ஒரு பெண்குரல் "நெசமாவா? யாரு? நமக்கு அவுங்க என்ன உறவு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெர்லின் அல்லியைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள் என்பதாக விழித்தாள்.

அல்லி வாயைத் திறந்தாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பெஞ்சின் கோடியிலிருந்தவர், அவள் பார்வை படட்டும் என்றுகூட இல்லாமல், அவள் கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுத்து அவள் கால் பக்கமாகத் திருப்பி வைத்தார். அப்பா வயதுக்காரர்.

"ஐயோ, அதையெல்லாம் நீங்க தொடாதீங்க" என்று பதறினாள் அல்லி. பிறகு ஜெர்லினிடம் திரும்பிச் சொன்னாள்: "வட்டி எவ்வளவுன்னு கேட்டுக்க. கேக்காமப் போயிராத. பாதியில நிறுத்தினியோ, எட்டயபுரத்துக்கு வந்து உன்னை உதைப்பேன்."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. படியை விட்டு இறங்கினாள். கூடத்தில் வெளிச்சம் மெதுவாக அணைந்தது. அணைவதற்கு முன் எதிருரு கடலைமிட்டாயைக் கொஞ்சம் ஏக்கமாகப் பார்த்தது.

"உன் எதிருரு தப்பு, கணிப்பி ஏதோ சொதப்பிருச்சுன்னுதான் தலைமை அலுவலகத்துக்கு எழுதலாம்னு இருந்தேன்" என்றார் சௌமியா. "இனிமே எப்படி எழுதுறது? அச்சு அசலா நீதான்."

தலைமை அலுவலகத்திலிருந்து அப்போதே பதில் வந்துவிட்டது. சௌமியா அதை ஒருமுறை மனதுக்குள்ளும் ஒருமுறை வாய்விட்டும் படித்தார். நாளை முதல் எதிருருவைக் கூப்பிடுவதற்கு முன்னால், விண்ணப்பிக்கும் பிள்ளையின் அப்பா அம்மாவின் நாணயப் புள்ளியைக் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். சுவரில் 'அப்பா வேண்டாம், அம்மா வேண்டாம்' என்று ஓடிக்கொண்டிருந்த விளம்பரத்தை அவர் எழுந்து போய் அணைத்தார்.

அல்லி வாசலுக்கு நடந்தாள். கடன் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் கட்டிவிடலாம், ஆனியில் கல்லூரி. அப்பாவிடம் முதலில் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று யோசித்தபடியே போய்க் கதவின் மேல் மோதிக்கொண்டாள்.

உள்ளே வரும்போது விரியத் திறந்த கதவு, ஒரு சாண் மட்டும் திறந்து நின்றிருந்தது. பின்னால் போய் மறுபடி வந்தாள். அதே ஒரு சாண்தான்.

எதிர்ச் சுவரிலிருந்து அப்பா பார்த்துவிட்டார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கதவை அவரைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் கிடையாது. வெயிலில் சிவந்திருந்த முகத்தில் முதலில் திகில் வந்தது, அப்புறம் துக்கம் வந்தது, அதற்கும் அப்புறம், எவ்வளவு அடக்கியும் முடியாமல், ஒரு பெருமை வந்தது. ஓடி வந்து கண்ணாடியில் முகத்தை வைத்தார்.

"கடன் கெடச்சுதா?"

"கெடச்சிருச்சு."

"பெறகு இது? எத்தன பேருக்குப் போட்ட?"

"ஆறு" என்றாள் அல்லி. அழுகையும் சிரிப்பும் முண்டிக்கொண்டு வந்தன. "சொல்ல வரலப்பா. நாக்குவரைக்கும் வந்துச்சு. வெளிய வரல."

"எனக்கும் அங்கதான் தாயி நிக்கும்" என்றார் கிஷோர்பாண்டி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவிடுக்கில் கையை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "சரி, பக்கவாட்டுல திரும்பு. அப்படியில்ல, வலது தோள் முதல்ல. மூச்சை விட்டு வயித்த உள்ள இழு. ஆங், இப்ப வா."

அவள் வெளியே வந்து விழுந்தாள். அவர் தாங்கிக்கொண்டார்.

"ரெண்டு மூணு தடவைதான் கஷ்டமா இருக்கும்" என்றார். "பெறகு பழகிரும்."